எல்லையோரப் பிள்ளைகளுக்குக் கால்நடைப் படிப்பு: விண்ணப்பம் முதல் கட்டுத்தறி வரை

கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டுச் சித்தூர், மீனாட்சிபுரம், கோபாலபுரம், பொள்ளாச்சி, உடுமலை என்று தமிழ்நாடு-கேரள எல்லையின் இரு பக்கமும் மாடு இல்லாத தெரு கிடையாது. அங்கிருந்து கால்நடைப் படிப்புக்குப் போகும் பிள்ளைகளுக்காக இது எழுதப்படுகிறது. ஆந்திர எல்லையில் குடியாத்தம், குப்பம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

தடுமாறுகிறவர்கள் இரண்டு வகை. டவுனிலிருந்து வரும் பிள்ளை மாட்டைத் தொடப் பயப்படும். மாட்டுவீட்டுப் பிள்ளை எல்லாம் தெரியும் என்று அளக்காமல் விட்டுவிடும். பயம் ஒரு மாதத்தில் போய்விடும். அளக்காத பழக்கம் கடைசி வருடம் வரைக்கும் கூடவே வரும். அதனால் ஒவ்வொரு படியிலும் எதை முதலில் செய்வது, ஏன் என்பதை விளக்கமாகவே சொல்லியிருக்கிறோம்.

1. எந்தப் படிப்பு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மாட்டுக்கு மருத்துவம் பார்க்க வேண்டுமானால் பி.வி.எஸ்சி. அண்ட் ஏ.எச். என்ற கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு ஒன்றுதான் வழி. நாலரை வருடம் பாடம், ஒரு வருடம் உள்ளிருப்புப் பயிற்சி, ஆக ஐந்தரை வருடம். முடித்து மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்த பிறகே சிகிச்சை தரும் உரிமை கிடைக்கும்.

பால் தொழில்நுட்பம், உணவுத் தொழில்நுட்பம், கோழியினத் தொழில்நுட்பம் ஆகியவை பி.டெக். படிப்புகள். நல்ல வேலை தருபவைதான், ஆனால் ஊசி போடும் உரிமை தராது. "எல்லாமே கால்நடைப் பல்கலைக்கழகம்தானே" என்று சேர்ந்துவிட்டு இரண்டாம் வருடம் வருந்துகிறவர்கள் உண்டு.

பி.வி.எஸ்சி.க்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். சேரும் வருடம் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். பால், உணவுத் தொழில்நுட்பங்களுக்குக் கணிதம் வேண்டும். பதினோராம் வகுப்பில் பாடப்பிரிவு எடுக்கும்போதே இது முடிவாகிவிடுகிறது.

2. எந்த மாநிலம் என்பது அடுத்தது

தமிழ்நாட்டில் மாநில இடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து நிரப்பப்படுகின்றன. 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மட்டும் நீட் தேர்வு. கேரளத்தில் மாநில இடங்களுக்கே நீட் தரவரிசைதான். அதனால் எல்லைக்கு எந்தப் பக்கம் வீடு என்பதைப் பொறுத்துத் தயாராகும் விதமே மாறும்.

தமிழ்நாட்டுப் பக்கம் உடுமலை, தேனி, திருநெல்வேலி, நாமக்கல் முதலிய ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. பால் தொழில்நுட்பம் கொடுவள்ளியிலும், கோழியினப் படிப்பு ஓசூரிலும் இருக்கின்றன. கேரளத்தில் மண்ணுத்தியும் வயநாட்டுப் பூக்கோடும். ஆந்திரப் பக்கம் திருப்பதி. அந்தந்த வருடக் கையேட்டைப் படித்த பிறகே விண்ணப்பத்தைத் தொடுங்கள்.

3. சான்றிதழ்கள்: எல்லைக்காரர்கள் வழுக்கும் இடம்

பிறப்பிடச் சான்றும் இருப்பிடச் சான்றும் வேறு வேறு. இப்போது எந்த வீட்டில் குடியிருக்கிறோம் என்பதற்கு இருப்பிடச் சான்று. எந்த மாநிலத்துக்காரர் என்பதற்குப் பிறப்பிடச் சான்று. இ-சேவை மையத்தில் அவசரத்தில் ஒன்றுக்கு இன்னொன்றை வாங்கி வந்து, கலந்தாய்வு நாளில் கையைப் பிசைந்து நிற்பது வருடா வருடம் நடக்கிறது.

வீடு கோபாலபுரத்தில், பள்ளிக்கூடம் சித்தூரில் என்று இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். படித்த மாநிலமும் சொந்த மாநிலமும் வேறாகும்போது பிறப்பிடச் சான்று இல்லாமல் மாநில இடத்தில் உட்கார முடியாது. சாதிச் சான்றும் மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஒரு மாநிலம் கொடுத்ததை மறு மாநிலத்து இடஒதுக்கீட்டுக்குக் காட்ட முடியாது. பொதுத் தேர்வு எழுதி முடித்த வாரமே இவற்றுக்கு எழுதிப் போடுங்கள். தேர்வு முடிவு வந்ததும் அலுவலகத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள்.

4. சேரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸ், பருத்தியில் தைத்த மேலங்கி, தையற்காரர் வைத்திருக்கும் துணி நாடா ஒன்று (குறைந்தது 100 அங்குலம் நீளமானது), வெப்பமானி, பாக்கெட்டில் அடங்கும் கட்டம் போட்ட நோட்டு, பென்சில். சாணியும் தண்ணீரும் தெறிக்கும் இடத்தில் பேனா மை கரைந்துவிடும், அதனால்தான் பென்சில். சாதாரணத் தையல் நாடா 60 அங்குலத்தில் முடிந்துவிடும். கறவை மாட்டின் நெஞ்சைச் சுற்ற அது போதாது.

5. சொற்களை இரண்டு மொழியில் எழுதிப் பழகுங்கள்

பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். மாட்டுக்காரர் பேசுவது தமிழ், மலையாளம், தெலுங்கு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு சொற்பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபத்தானது ஒரே மாதிரி கேட்கும் சொற்கள்தான். பாலக்காட்டில் ஒரு வீட்டம்மா "பசுவுக்கு மதி" என்றால் மாடு பருவத்துக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். தமிழ்க் காதில் அது "மடி" என்று விழும். மாணவர் மடியில் ஏதோ கோளாறு என்று எழுதிக்கொள்வார், சினை ஊசி போட வேண்டிய நேரம் தப்பிவிடும். நம் மடிக்கு மலையாளத்தில் "அகிடு", தெலுங்கில் "பொதுகு". பருவத்துக்குத் தெலுங்கில் "எத". வாயிலும் குளம்பிலும் புண் வரும் நோயை நாம் கோமாரி, காணை என்கிறோம்; அதைக் கேரளத்தில் "குளம்பு ரோகம்" என்பார்கள், குப்பம் பக்கம் "காலிகுண்டு". சந்தேகம் வந்தால் சொல்லை விட்டுவிட்டு அறிகுறியைக் கேளுங்கள்: கத்துகிறதா, கண்ணாடி மாதிரி ஒழுக்கு இருக்கிறதா, மற்ற மாடு ஏறினால் நின்று கொடுக்கிறதா?

6. கட்டுத்தறிக்குள் நுழையும் முன்

வீட்டு மாட்டுக்குப் புல் போட்ட செருப்போடு கல்லூரிப் பண்ணைக்குள் போகக் கூடாது. பண்ணையிலிருந்து வந்த பூட்ஸோடு வீட்டுத் தொழுவத்துக்கும் போகக் கூடாது. பொள்ளாச்சிச் சந்தையில் செவ்வாயும் வியாழனும் கைமாறும் மாடுகளில் பெரும்பங்கு எல்லை தாண்டிப் போகிறது. கோமாரிக் கிருமி மாட்டோடு மட்டும் போவதில்லை, சாணி ஒட்டிய காலோடும் போகும்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் சலவைச் சோடா கலந்தால் 4 சதவீதக் கரைசல். கோமாரிக் கிருமிக்கு அது போதும். ஆனால் பூட்ஸில் ஒட்டிய சாணியை முதலில் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, பிறகுதான் கரைசலில் நனைக்க வேண்டும். பலரும் சாணியோடு அப்படியே முக்கி எடுக்கிறார்கள். சாணிக்குள் மருந்து இறங்காது.

சந்தையிலிருந்து வந்த மாடு 30 நாள் தனியாக நிற்க வேண்டும். கோமாரி தொற்றி வெளியே தெரிய 2 முதல் 14 நாள் ஆகும், அதனால் வாங்கிய அன்று நன்றாக மேய்ந்தது என்பது எதற்கும் சாட்சி ஆகாது. வேலை செய்யும் வரிசையும் இதையொட்டியதுதான்: முதலில் கன்று, அடுத்து நல்ல கறவை, பிறகு வற்றிய மாடு, கடைசியில் நோய் மாடும் புது மாடும்.

7. பத்து நிமிடம் தொடாமல் பாருங்கள்

கை வைத்ததும் மாட்டின் மூச்சும் நாடியும் மாறிவிடும். அதனால் பார்த்தே எடுக்கக்கூடியதை எல்லாம் முதலில் எடுத்துவிட வேண்டும். தள்ளி நின்று பாருங்கள். அசை போடுகிறதா, நான்கு காலிலும் பாரம் சமமா, மூக்கு ஈரமா, சாணி எப்படி விழுந்திருக்கிறது, விலா எத்தனை முறை எழுந்து தாழ்கிறது.

பிறகு கையால்: இடது விலாவுக்குப் பின்னால் உள்ள குழியில் முஷ்டியை அழுத்தி வைத்தால் முதல் வயிறு புரள்வது தெரியும். 2 நிமிடத்தில் 2 அல்லது 3 புரளல் இருக்க வேண்டும். அரை நிமிடத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று "வயிறு நின்றுவிட்டது" என எழுதுவது முதல் வருடத்தில் அடிக்கடி நடப்பது. கடிகாரத்தைப் பார்த்து முழு 2 நிமிடம் நில்லுங்கள்.

வெப்பநிலை கடைசியில். 100.4 முதல் 102.8 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. வெப்பமானியின் நுனி மலக்குடலின் சுவரைத் தொட வேண்டும். சாணிக்குள் குத்தி நின்றால் குறைத்துக் காட்டும்.

8. அணுகுவதும் பிடிப்பதும்

பேசிக்கொண்டே பக்கவாட்டிலிருந்து வாருங்கள், முதுகில் உள்ளங்கையை வையுங்கள். மாடு பின்னங்காலை முன்பக்கமாகவும் பக்கவாட்டிலும் வீசி உதைக்கும். ஆகவே ஒன்று உடலோடு ஒட்டி நில்லுங்கள், இல்லையென்றால் நன்றாகத் தள்ளி நில்லுங்கள். பயந்தவர்கள் ஒரு முழம் தள்ளி நிற்பார்கள். உதை முழு வேகத்தில் விழும் இடம் அதுதான்.

தாம்புக்கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். மாடு மிரண்டு இழுத்தால் விரல் போய்விடும்.

9. வயதும் எடையும்

மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் இல்லை. கீழே 8. வாயோரத்தில் பல் இல்லாத இடைவெளியில் விரலை விட்டு நாக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் வாய் திறக்கும். உள்ளே இன்னும் கையை விட்டால் கடைவாய்ப்பல் நசுக்கிவிடும்.

நிலைப்பல் முதல் ஜோடி சுமார் 2 வயதில் வரும். நாலு பல் 3 வயதை ஒட்டி, ஆறு பல் மூன்றரையை ஒட்டி, எட்டுப் பல் நாலு, நாலரையில். நாட்டு மாட்டில் சற்றுத் தாமதமாகும். சந்தையில் வியாபாரி சொல்லும் வயதைக் கேட்கும் முன் பல்லைப் பார்த்து எழுதிவிடுங்கள். கேட்ட பிறகு பார்த்தால் கண் அந்த வயதைத்தான் தேடும்.

எடைக்கு இரண்டு அளவு வேண்டும். நெஞ்சுச் சுற்றளவு: திமிலுக்குப் பின்னால், முன்னங்கால் முழங்கைக்கு ஒட்டினாற்போல் பின்னால், நாடா செங்குத்தாக. உடல் நீளம்: தோள் முனையிலிருந்து வாலுக்குப் பக்கத்தில் துருத்தி நிற்கும் எலும்பு முனை வரை. இரண்டும் அங்குலத்தில் இருந்தால், சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ.

ஒரு கலப்பின ஜெர்சி மாட்டை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 66, நீளம் 55. 66-ஐ 66-ஆல் பெருக்க 4,356. அதை 55-ஆல் பெருக்க 2,39,580. வகுத்தால் 363 கிலோ.

இதே மாட்டின் சுற்றளவை 68 என்று தளர்வாக அளந்தால் 385 கிலோ வரும், 22 கிலோ பிழை. நீளத்தில் அதே 2 அங்குலம் தவறினால் பிழை 13 கிலோதான். சுற்றளவு இரண்டு முறை பெருக்கப்படுவதால் அங்கே செய்யும் தவறு பெருகிவிடுகிறது. அதனால் சுற்றளவை மூன்று முறை அளந்து நடு எண்ணை எடுங்கள்.

மாடு தலையைக் குனிந்திருந்தாலும், ஒரு காலைத் தூக்கியிருந்தாலும் அளவு மாறும். நான்கு காலும் சமதரையில், தலை நேராக இருக்க வேண்டும். காலையில் தண்ணீர் காட்டும் முன் அளப்பது நல்லது. ஒரே மூச்சில் பல லிட்டர் குடித்துவிட்ட மாட்டை அளந்தால் தண்ணீரையும் சேர்த்து அளந்ததாகிவிடும். அடுத்த மாதமும் அதே நேரம், முடிந்தால் அதே ஆள்.

10. தீவனக் கணக்கு

தேர்வில் மதிப்பெண் போவதும் பண்ணையில் பால் குறைவதும் பெரும்பாலும் இங்கேதான். காரணம் ஒன்றே: உலர்பொருளையும் (தீவனத்தில் தண்ணீர் போக மிஞ்சுவது) பச்சை எடையையும் குழப்புவது.

கலப்பினக் கறவைக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் சுமார் 3 சதவீதம் உலர்பொருள் வேண்டும். மேலே பார்த்த மாட்டை 360 கிலோ என்று வைத்தால் 10.8 கிலோ. புதிதாக வருபவர் பசுந்தீவனத்தைத் தராசில் வைத்து 10.8 கிலோ போட்டுவிட்டு முடிந்தது என்பார். கம்பு நேப்பியர் என்ற தீவனப்புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். மாட்டுக்குப் போனது 2 கிலோ சொச்சம்தான். பட்டினி.

சரியான வரிசை இது. முதலில் அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு, தவிடு சேர்ந்த கலவை): உடலைப் பேண 1.5 கிலோ, பிறகு ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் 1 கிலோ. 10 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு 1.5-ம் 4-ம் சேர்ந்து 5.5 கிலோ. அதில் 90 சதவீதம் உலர்பொருள், அதாவது 4.95. அடுத்து 10.8-இல் இதைக் கழித்தால் 5.85 மிச்சம். 20 கிலோ பசுந்தீவனம் 4 கிலோ உலர்பொருள் தரும், 2 கிலோ வைக்கோல் 1.8 தரும். ஆக மொத்தம் 10.75, கணக்கு நெருங்கிவிட்டது. இதோடு 50 கிராம் தாது உப்புக் கலவை, தாழி நிறையத் தண்ணீர்.

அடர்தீவனத்தை முதலில் கணக்கிடுவது பாலோடு அது நேராகச் சேர்ந்து நிற்பதால். தீனி போடும்போது வரிசை வேறு: மொத்த அடர்தீவனத்தையும் ஒரே வேளையில் கொட்டாமல், காலை மாலைக் கறவையோடு பிரித்து வையுங்கள்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு சாரல் அடிக்கும்போது அறுத்த புல் இன்னும் நீர்த்திருக்கும். உலர்பொருள் 15 சதவீதத்துக்கு இறங்கினால் அதே 20 கிலோவில் 3 கிலோதான் இருக்கும். ஒரு கிலோ குறைகிறது. இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். 500 கிராம் புல்லை விரல் நீளத்துக்கு வெட்டி, தாளில் பரப்பி, எடை குறையாமல் நிற்கும் வரை வெயிலில் காயவைத்து நிறுத்துப் பாருங்கள். 100 கிராம் நின்றால் 20 சதவீதத்தை ஒட்டியிருக்கிறது. வெயிலில் காய்ந்ததிலும் கொஞ்சம் ஈரம் மிஞ்சும், ஆனாலும் தீனி பிரிக்க இது போதும்.

தீவனத்தை மாற்றும்போது 7 முதல் 10 நாள் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் பழக அந்த நாட்கள் வேண்டும். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றையும், பலாக் காலத்தில் பழத்தையும் அன்போடு ஒரு கூடை வைப்பார்கள். மாவுச்சத்தும் சர்க்கரையும் ஒரேயடியாகப் புளித்து, வயிறு அமிலமாகி, மாடு அடுத்த நாள் எழுந்திருக்காது. பயிற்சிக்குப் போகும் வீடுகளில் இதை மரியாதையாக, ஆனால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

11. கறவை

மடியைக் கழுவி, துணியால் ஒற்றிக் காயவைத்து, ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு மூன்று பீய்ச்சலைக் கறுப்புத் துணி போட்ட கிண்ணத்தில் விடுங்கள். திரியோ தயிர்ப்பொட்டோ தெரிந்தால் அது மடிநோய், அந்த மாடு கடைசி வரிசைக்குப் போக வேண்டும். தரையில் பீய்ச்சினால் திரி தெரியாது, கிருமிதான் பரவும்.

மடியைத் தொட்டதும் சுரப்பு இறங்கும், அது 5 முதல் 7 நிமிடம்தான் நிற்கும். கழுவிவிட்டு வாளி தேடப் போனால் பால் உள்ளேயே தங்கிவிடும். வாளி, துணி, கிண்ணம் எல்லாம் பக்கத்தில் வந்த பிறகு மடியைத் தொடுங்கள்.

முழு உள்ளங்கையால் கறக்க வேண்டும். கட்டைவிரலை மடக்கிக் கறப்பது வேகமாகத் தெரிந்தாலும் காம்பின் உள்தோலைப் புண்ணாக்கும். கறந்து முடித்ததும் காம்பைக் கிருமிநாசினியில் நனைத்து, உடனே தீனி போடுங்கள். காம்புத் துளை மூட அரை மணிக்கு மேல் ஆகும். தீனி இருந்தால் மாடு அதுவரை படுக்காமல் நிற்கும்.

12. பதிவேடு

மாட்டின் பக்கத்தில் நின்றே எழுதுங்கள். விடுதிக்குப் போய் நினைவிலிருந்து எழுதினால் எல்லா மாட்டுக்கும் 101.5 டிகிரிதான் வரும். பார்க்கும் ஆசிரியர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

முதல் கட்டத்தில் பெயரை எழுதாமல் காதில் உள்ள 12 இலக்கக் காதுத்தோடு எண்ணை எழுதுங்கள். ஒரு பண்ணையில் மூன்று லட்சுமி இருக்கும். எண்ணை எழுதிய பிறகு கடைசி 4 இலக்கத்தை வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள்.

பருவம் கண்ட நாளை எழுதினால் அதன் பக்கத்திலேயே 21-ஆம் நாளையும் குறித்துவிடுங்கள். அடுத்த பருவம் 18 முதல் 24 நாளுக்குள் வரும். காலையில் பருவம் கண்டால் அன்று மாலை சினை ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை. ஊசி போட்ட தேதிக்கு எதிரே பசுவுக்கு 280 நாள், எருமைக்கு 310 நாள் கூட்டி ஈனும் தேதியை எழுதுங்கள்.

ஈன்ற கட்டத்தில் கன்றின் எடையும் சீம்பால் கொடுத்த மணியும் இருக்க வேண்டும். 25 கிலோ கன்றுக்கு முதல் நாள் இரண்டரை லிட்டர், இரண்டு மூன்று தவணையாக, முதல் தவணை ஒரு மணி நேரத்துக்குள். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்கும் வழக்கம் எல்லையின் இரு பக்கமும் உண்டு. நேரம் போகப் போகச் சீம்பாலின் எதிர்ப்புச் சக்தியைக் கன்றின் குடல் உறிஞ்சுவது குறைந்துகொண்டே வரும். அதனால் அந்தக் கட்டத்தில் "கொடுத்தாயிற்று" என்று எழுதாமல், மணியை எழுதுங்கள்.